முட்டினா சொல்லுங்கக்கா

ஒரு லிட்டர் தண்ணீர் என்று காதால் கேட்கும்போது ஒன்றுமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று தெரிகிறது. வெறுங்கையால் பிடிக்க முடியாமல் வசந்தாமணி பாட்டிலைப் புடவைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தாள். ஜனவரி மாதத்து ஊட்டி, காலை ஒன்பதரை மணி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் ஸ்கேன் சென்டரின் இரும்பு நாற்காலியிலிருந்து குளிர் இடுப்பு வழியாக ஏறி முதுகுக்கு வந்துவிட்டது, இதில் பச்சைத் தண்ணீர் வேறு. "முழுசாக் குடிச்சிருங்க. ஒண்ணுக்கு முட்டினா சொல்லுங்கக்கா, உடனே உள்ள அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு டோக்கன் கொடுக்கிற ஜெசிந்தா அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். முதல் மடக்கு பல்லில் பட்டதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டாவது மடக்கை வாயிலேயே ஒதுக்கி வைத்து, சூடேற்றி, மெல்ல உள்ளே விட்டாள். இப்படியே போனால் பாட்டில் முடிய மத்தியானம் ஆகும். ஆகட்டுமே. உள்ளே போய் அந்தத் திரையைப் பார்ப்பதற்கு அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒரு எண் கூடியிருந்தது. கோயம்புத்தூர் டாக்டர் போனில், "பயப்படாதீங்க, எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துரலாம்" என்றார். டாக்டர் வாயால் பயப்படாதே என்று கேட்ட பிறகு பயப்படாமல் இருக்க அவள் என்ன கல்லா? எல்லோருக்கும் சிறுநீரகம் இரண்டு. அவளுக்கு ஒன்றுதான். இடது பக்கத்தது ஒன்பது வருஷத்துக்கு முன்பே மேட்டுப்பாளையத்துக்குக் குடிபோய்விட்டது, தம்பி துரைசாமியின் வயிற்றுக்குள். அங்கே அது சௌக்கியம். இங்கே பாக்கி இருக்கிற வலது பக்கத்தது எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அது கெட்டுப்போயிருந்தால் தனக்கு என்ன ஆகும் என்பதுகூட அப்புறம். துரைக்கு எப்படிச் சொல்வது? எந்தப் பக்கமாகப் போனாலும் நினைப்பு அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டது.

தாகம் என்று ஒன்று எடுத்து எத்தனை நாள் இருக்கும்? அக்டோபரில் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டபோது எடுத்தது. அதற்குப் பிறகு? மழை வந்தது, மழை போய்ப் பனி வந்தது, பனியோடு தாகமும் ஊரைவிட்டுப் போய்விட்டது. காலையில் ஒரு டம்ளர் காபி, பதினோரு மணிக்கு ஒரு டீ, சோற்றோடு ரசம், சாயங்காலம் ஒரு டீ. அதெல்லாம் தண்ணீர்தானே என்று ஒரு சமாதானம். ஊர்ச் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள், அதுதான் வேடிக்கை. பதினேழு வருஷமாக நர்சரியில் வேலை. சரிவு முழுக்கப் படிப்படியாகத் தொட்டிகள். விரலை மடக்கித் தொட்டியின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டுவாள். டங்கென்றால் மண் காய்ந்திருக்கிறது, தொப்பென்றால் ஈரம் இருக்கிறது. சில தொட்டிகளுக்குத் தட்டக்கூட வேண்டாம், நடந்துபோகிற போக்கில் இலை நிற்கிற நிலையைப் பார்த்தே, ஏன் கண்ணு, நேத்து உன்னைய விட்டுட்டனா என்று கேட்பாள். பனிக்காலத்துக்கு மட்டும் சட்டம் வேறு. விடிகாலையில் இலைமேல் உப்பு தூவினாற்போல் உறைபனி கிடக்கும். வெயில் விழுவதற்குள் அதன்மேல் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயில் பட்டதும் இலை கருகிவிடும். ஆனால் வேருக்கு மட்டும் ஊற்றக் கூடாது. செடி தூங்குகிறது. தூங்குகிறதை எழுப்பி ஊட்டினால் வேர் அழுகிவிடும். மேலே தெளி, அடியில் ஊற்றாதே. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இதைத்தான் அவள் புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள், இதே சட்டத்தைத் தன் உடம்புக்கும் போட்டுக்கொண்டாள். எப்போது போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது. குளிருக்கு உடம்பும் தூங்கத்தானே செய்யும், அதற்கு எதற்குத் தண்ணீர்? ஒரு நாள் இதை அவள் வாய்விட்டுச் சொன்னபோது, லாட்ஜில் சமையல் வேலை பார்க்கிற அவள் கணவன் ராமலிங்கம் தோசைக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "நீ என்ன ஜெரேனியமா?" என்று கேட்டான். அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெரேனியச் செடி ஒன்று செத்தால் பதினைந்து பதியன் போட்டுக்கொள்ளலாம்.

"முட்டுதாக்கா?" ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். வசந்தாமணி இல்லை என்று தலையாட்டினாள். பாட்டிலில் பாதி இருந்தது. பக்கத்து நாற்காலியில் மாசமாக இருந்த ஒரு பெண் இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, "எனக்கு முட்டுது சிஸ்டர், ரொம்ப முட்டுது" என்றாள், அவளுக்கு உடனே கதவு திறந்தது. வசந்தாமணிக்குப் பொறாமையாக இருந்தது. இதிலெல்லாமா பொறாமைப்படுவார்கள்? அப்போதுதான் மடியில் போன் அதிர்ந்தது. பார்க்காமலே தெரியும். பத்து மணி. காலை பத்துக்கு ஒன்று, மத்தியானம் மூன்றுக்கு ஒன்று, ஒன்பது வருஷமாகத் துரை ஒரு நாள் தவறியதில்லை. தையல் கடையில் மிஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவான். எடுத்ததும் ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. "அக்கா, தண்ணி குடிச்சயா?" என்றான். "குடிச்சேன்டா" என்றாள். "எத்தனை டம்ளர்?" "மூணு ஆச்சு." எப்போதும் வருகிற அதே பதில், சாவி கொடுத்த பொம்மை மாதிரி வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் உறைத்தது, இன்றைக்கு அது நிஜம். மூன்று டம்ளர் இருக்கும். "எங்க இருக்கற? செடிக்குத் தண்ணி உடற சத்தமே காணமே." "பேங்க்ல இருக்கேன், டோக்கன் போட்டு உக்காந்திருக்கேன்." "செரி. பாட்டிலை எடுத்துட்டுப் போனயா? பேங்க்ல தண்ணி வெச்சிருப்பாங்க, ஆனா பனிக்கு அதைத் தொடவே முடியாது, நீ பாட்டிலை எடுத்துட்டுப் போகோணும்." "எடுத்துட்டு வந்திருக்கேன்டா, மடியிலதான் இருக்குது." "நான் ரெண்டு லிட்டர் முடிச்சுட்டேன் தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னான், நாற்பத்திரண்டு வயசுக்காரன், பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கியவன் மாதிரி. "கெட்டிக்காரன். வை" என்றாள். வைத்துவிட்டுப் போனைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் உண்மையாகத் தண்ணீர் குடித்தேன் என்று சொன்னாள், அதையும் பேங்க் என்ற பொய்யில் சுற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவனுக்கு ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, கால் வீங்கும், மூச்சு முட்டும், டயாலிசிஸ் மிஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்து வெயிலில் அரை லிட்டர். நகச்சாயத்தால் பாட்டிலில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டை அவன் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாமல்தான் வசந்தாமணி அந்த யோசனையைச் சொன்னாள், குளிர்காலத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிடு, மலையில் தாகம் எடுக்காது. அவள் கண்டுபிடித்த வைத்தியம் அது, டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டே சரியென்றார். வாரத்தில் இரண்டு நாள் கீழே இறங்கி மிஷினில் படுத்துவிட்டு வருவான், மற்ற நாளெல்லாம் அவள் வீட்டு ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாகம் குறைந்தது, அது நிஜம். ஆனாலும் விடிந்ததிலிருந்து ஒரு ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அது கரைவது தெரியாமல் கரைய வேண்டும் என்று அசையாமல் இருப்பான், பேசினால் சீக்கிரம் கரைந்துவிடும் என்று பேசவும் மாட்டான். யாராவது தண்ணீர் குடித்தால் அவன் டம்ளரைப் பார்க்க மாட்டான், குடிக்கிறவர்களின் தொண்டையைப் பார்ப்பான். அது ஏறி இறங்குவதை. ஒரு நாள் நர்சரியிலிருந்து வந்த களைப்பில் அவள் சமையலறையில் நின்றுகொண்டு சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தாள். அந்தப் பக்கமிருந்து துரை கூப்பிட்டான். "அக்கா, சத்தமில்லாமக் குடி." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான், விளையாட்டாக, அடுத்த நிமிஷமே ராமலிங்கத்திடம் வேறு ஏதோ பேசப் போய்விட்டான். சொம்பு அவள் கையில் அப்படியே நின்றது. வாயிலிருந்ததை விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என்ன பாவி நான், என்ன பாவி. அதற்குப் பிறகு அவன் இருக்கிற வீட்டில் அவள் காதுபடத் தண்ணீர் குடிக்கவே இல்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் குடித்தாள் கொஞ்ச நாள். அப்புறம் அதுவும் திருட்டுத்தனமாகப் பட்டது. நின்றுவிட்டது.

இரண்டாவது பாட்டிலை ஜெசிந்தா கொண்டுவந்து வைத்தாள். "இன்னுமா முட்டல? இதையும் குடிங்கக்கா, குளிருக்கு மெதுவாத்தான் எறங்கும்." மெதுவாகத்தான் இறங்கியது. வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது, குனிந்தால் உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டது, விரல் நுனியெல்லாம் விறைத்துக்கொண்டது. அவ்வளவும் தெரிகிறது, அது ஒன்று மட்டும் தெரியவில்லை. ஒருவேளை தண்ணீர் அங்கே போய்ச் சேரவே இல்லையோ? உள்ளே இருக்கிற அந்த ஒற்றை ஆள் வேலையை நிறுத்திவிட்டானோ? இரண்டு பாட்டிலும் உள்ளே போய் நின்றுகொண்டு, வழியில்லாமல், கால் பக்கம் இறங்கி... சட்டென்று குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. சாக்ஸின் தடம்தான். மறுபடி அழுத்தினாள். துரையின் காலில் அழுத்தினால் விரல் பதிந்த குழி எழும்பி வர வெகு நேரம் ஆகும், அவள் கணக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இல்லை, குழி இல்லை. அப்படியானால் ஏன் முட்டவில்லை? கெட்டுப்போயிருந்தால் துரை என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பக்கத்துப் பக்கத்து வார்டில் படுத்திருந்தபோது சொல்லி அனுப்பினான், உனக்கு எப்ப வேணும்னாலும் சொல்லுக்கா, துவைச்சு இஸ்திரி போட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன். தையல்காரன் புத்தி. தையல் பிரிந்துவிடும் என்று பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவன் விளையாட்டுக்குச் சொன்னாலும் செய்துவிடக்கூடிய ஆள். செய்ய முடியாது என்று தெரிந்தால் அதற்குமேல் ஒரு வாய் தண்ணீர்கூட அவனுக்கு இறங்காது. ஒன்பது வருஷமாக இரண்டு வேளையும் கேட்டேனே, குடிச்சேன் குடிச்சேன்னு சொன்னயே அக்கா என்பான். நோயைக்கூடச் சொல்லிவிடலாம், பொய்யை எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் நடந்த அன்றைக்குச் சாயங்காலம். அவளுக்கு மயக்கம் பாதி தெளிந்திருந்தது, இடது விலாவுக்குக் கீழே தீ வைத்த மாதிரி எரிந்தது, அம்மா அம்மா என்று முனகிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் யாரோ ஓடிவருகிற சத்தம். ராமலிங்கம்தான். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "உன்ற தம்பி ஒண்ணுக்குப் பேஞ்சுட்டான் புள்ள! பை ரொம்புது!" அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு, குழந்தை பிறந்ததற்கு, எதற்கும் அவள் அப்படி அழுததில்லை. தன்னுடையது அங்கே போய், வெட்கம் பார்க்காமல், போன உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. பிறகு அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், குடி குடி என்று கொடுத்தார்கள், கோடு கிடையாது, கணக்கு கிடையாது. ஒரு சொம்பு முழுக்கக் குடித்துவிட்டு, "அக்கா, இனிக்குது" என்றானாம். சர்க்கரை போட்டிருக்கிறார்களோ என்று நர்ஸிடம் கேட்டானாம். அவனுக்கு இருந்த தடையை டாக்டர் எடுத்துவிட்டார். அவளுக்கு யாரும் தடை போடவில்லை, அதனால் யாரும் எடுக்கவும் இல்லை. ஊருக்குத் திரும்பினாள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஒற்றைச் சிறுநீரகத்துக்கு அதுதான் மருந்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கோடையில் ஏதோ பேருக்குக் குடிக்கத்தான் செய்தாள். பனி வந்தால் செடியின் சட்டம் வந்துவிடும், அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது, சொம்பைத் தூக்குகிறபோதெல்லாம் யாரோ அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. காலி அறைதான். இருந்தாலும்.

"முட்டலையா?" மூன்றாவது முறை கேட்டபோது ஜெசிந்தாவின் குரலில் சந்தேகம் இருந்தது. "ரெண்டாவது பாட்டிலும் காலி. கொஞ்சமாச்சும்?" வசந்தாமணிக்கு வெட்கமாகிவிட்டது. "தெரியலைங்க" என்றாள். "தெரியலைன்னா?" "முட்டறதுன்னா எப்படி இருக்கும்னு தெரியலைங்க." சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போனாள். இது எப்படித் தெரியாமல் போகும்? பச்சைக் குழந்தைக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது ஒரு காலத்தில். உறைபனி வேலைக்கு ஐந்தரைக்கெல்லாம் நர்சரியில் நிற்க வேண்டும். ஆபீஸ் திறந்து கழிப்பறைச் சாவி வருவது ஒன்பதுக்கு. புதர்ப் பக்கம் போகலாமென்றால் அங்கே காட்டெருமை நிற்கும், ஒரு முறை அவள் உட்காரப் போன இடத்திலேயே பாறை என்று நினைத்தது எழுந்து நின்றது. அன்றையிலிருந்து எழுந்ததும் தண்ணீர் கிடையாது, வந்தாலும் அடக்கு. கைப்பம்பு வழியாகத் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அடக்கு, தெளி, அடக்கு. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சும்மா இரு, சும்மா இரு என்று அதட்டினால் எந்தக் குழந்தையும் ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிடும். அது அடங்கிப்போனதை அவள் சமர்த்து என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்திருக்கிறாள், நானெல்லாம் மத்தியானம் வரைக்கும் தாங்குவேன் என்று. "நீங்க வாங்கக்கா, எதுக்கும் டாக்டரம்மா பாத்துரட்டும்" என்று ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். ஜெசிந்தாவின் கை சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

உள்ளே இருட்டு. டாக்டரம்மா வயிற்றில் பசையைப் பிழிந்ததும் வசந்தாமணி துள்ளினாள், உறைபனியே இதற்குத் தேவலை. "இடது பக்கம் காலியா இருக்கும்ங்க, தம்பிக்குக் குடுத்தது" என்று முந்திக்கொண்டு சொன்னாள், ஏதோ திருட்டுப் போய்விட்டது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்கிற மாதிரி. டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். வலது பக்கம் வைத்து அழுத்தினார். அங்கேயே நின்றார். அதே இடத்தில் இன்னும் நின்றார். பேசுங்களேன். வசந்தாமணி கூரையில் இருந்த ஒரு ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டு, துரை, துரை, துரை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், சாமி பேர் எதுவும் வாயில் வரவில்லை. "நல்லாப் பெருசா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "பெருசா இருந்தா கெட்டதுங்களா?" "இல்லம்மா. ரெண்டு பேர் வேலையை ஒண்ணே பாக்குதுல்ல, அதனால வளந்திருக்கு. அப்படித்தான் வளரணும்." அது வளர்ந்திருக்கிறது. இத்தனை பட்டினியிலும் அது வளர்ந்திருக்கிறது. கண்ணு, என் கண்ணு. "ஆனா லேசா வீக்கம் இருக்கு. ஒரு சின்னக் கல்லும் இருக்கு, நாலு மில்லிமீட்டர். தண்ணி பத்தாம வந்தது." அடிவயிற்றுக்கு இறங்கியவர் நிறுத்திவிட்டார். "ஏம்மா, இவ்வளவு நிறைஞ்சிருக்கு. மத்தவங்க இதுல பாதிக்கே கதவைத் தட்டுவாங்க. உங்களுக்கு முட்டவே இல்லையா?" வசந்தாமணி இல்லை என்று தலையாட்டினாள், திருடி அகப்பட்டுக்கொண்டவள் போல. "போயிட்டு வாங்க. முழுசாப் போயிட்டு வாங்க, மறுபடி பாக்கறேன்."

கழிப்பறையில் உட்கார்ந்ததும் உடனே வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில், முன்பு எந்தச் சத்தத்தில் ஒளிந்து குடித்தாளோ அதே சத்தத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு நிற்காமல் போயிற்று. இவ்வளவா? இவ்வளவையுமா சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாய்? அவளுக்கு அழுகை வந்தது. வேலை நிற்கவில்லை, உள்ளே இருந்தவன் ஒழுங்காக இறைத்துக் கொட்டிக்கொண்டுதான் இருந்தான், கேட்கத்தான் ஆளில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து படுத்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வீக்கம் இறங்கிருச்சு. அடக்கி வெச்சதால வந்த வீக்கம்தான். இப்ப எதுவும் கெட்டுப்போகலை" என்றார். "ஆனா இன்னும் ரெண்டு பனிக்காலம் இப்படியே போச்சுன்னா அப்புறம் இதே மாதிரி சொல்ல முடியாது. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க, குளிர்ல அது எடுக்காது. வெந்நியாக் குடிங்க. முட்டலைன்னாலும் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போங்க, தானா மறுபடி பழகிக்கும்." "பனிக்காலத்துல வேருக்கு அதிகமா ஊத்தினா..." என்று ஆரம்பித்துவிட்டு வசந்தாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என்னம்மா?" "ஒண்ணுமில்லைங்க. நர்சரியில வேலை." டாக்டரம்மா பசையைத் துடைக்கத் துணி கொடுத்துக்கொண்டே சிரித்தார். "உங்களுக்கு வேர் இல்லம்மா."

வெளியே வெயில் வந்திருந்தது. மலையில் பனிக்காலத்து வெயில் சும்மா வெளிச்சத்துக்குத்தான், இருந்தாலும் படிக்கட்டில் ஒரு மூலை சூடேறியிருந்தது, அங்கே போய் உட்கார்ந்தாள். கிளம்பும்போது ஜெசிந்தா வெந்நீர் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மடியில் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லாமலே விட்டுவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, இனிமேல் ஒழுங்காகக் குடித்தால் பொய் தானாக உண்மையாகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? மூன்று மணிக்கு அவன் கூப்பிடுவான். அக்கா, தண்ணி குடிச்சயா? குடிச்சேன்டா. அந்தக் குடிச்சேன்டா மறுபடி வாயில் தானாக வந்து நின்றதும் அவளுக்குப் பயமாக இருந்தது, வயிற்றில் இருந்ததைவிட இதுதான் பழைய கல். போனை எடுத்து அவளே கூப்பிட்டாள். "என்னக்கா, இந்நேரத்துக்கு?" பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "துரை, நான் பேங்க்ல இல்லடா. ஸ்கேன் எடுத்துட்டு வர்றேன்." மிஷின் நின்றது. "ஒண்ணும் கெட்டுப்போகலையாம். சின்னக் கல்லு ஒண்ணு இருக்குதாம், தண்ணி குடிச்சாப் போயிரும். நீ பயப்படாத." அவன் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "நான் தண்ணி குடிக்கறதே இல்லடா. பனிக்காலத்துல மட்டும் இல்ல, எப்பவுமே சரியாக் குடிக்கறதில்ல. நீ கேக்கறப்பெல்லாம் பொய் சொல்லிட்டேன்." "எத்தனை நாளா?" அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "நீ ஜன்னலோரம் ஐஸ்கட்டியோட உக்காந்திருந்தயே, அப்ப இருந்து. நீ ஒரு நாள் சொன்னடா, சத்தமில்லாமக் குடின்னு. அதுக்கப்புறம் எனக்கு எறங்க மாட்டேங்குது."

துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது. பிறகு கத்தினான். "ஏன்க்கா, அந்த ஒரு வார்த்தையையா இத்தனை வருசமாத் தூக்கிட்டுத் திரியறே? எனக்கு நெனப்புகூட இல்லைக்கா அது. உங்கிட்ட இருந்து வாங்குனதை நான் எப்படிப் பாத்துக்கறேன் தெரியுமா? எழுந்ததும் அதுக்குத்தான் மொதல்ல ஊத்தறேன். உங்கிட்ட இருக்கறதுக்கு யாருக்கா ஊத்தறது? அதுவும் இதுவும் ஒண்ணாப் பொறந்ததுதானே?" கடையில் யாரோ இருந்திருக்க வேண்டும், "நீங்க அப்புறம் வாங்க" என்று அவன் சொல்வது கேட்டது. "அழறயாடா?" "நீதான் அழற." "செரி, போச்சாது போ. ரெண்டு பேரும் அழுவோம், அதுவும் தண்ணிதான் வீணாப்போகுது." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். பிறகு, "கையில பாட்டில் இருக்குதா?" என்றான். "இருக்குது." "தொற." "இப்பவா?" "இப்பத்தான். போனைக் கிட்டத்துல வெச்சுக்கோ. சத்தமாக் குடிக்கா. எனக்குக் கேக்கோணும்."

வசந்தாமணி போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பாட்டிலைத் திறந்தாள். வெந்நீர், மிதமான சூடு, பல்லில் கூச்சமில்லை. முதல் மடக்கு தொண்டையில் வந்து நின்றது. அடுத்த அறையில் அவன் உட்கார்ந்திருந்தான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. விழுங்கினாள். "கேக்கல" என்றான். இன்னொன்று விழுங்கினாள், வேண்டுமென்றே, மாடு குடிக்கிற மாதிரி. "ஆங். கேக்குது." மடக். "கேக்குது." மடக். படியில் ஏறிப் போன ஒரு அம்மாள், இதென்ன கூத்து என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது, நெஞ்சு வழியாகச் சூடு இறங்குவது தெரிந்தது, இடையில் மூச்சு வாங்கினாள், "நிறுத்தாத" என்றான், குடித்தாள், கீழே மேட்டுப்பாளையத்தில் அவனும் சொம்பை எடுத்துவிட்டான் போலிருக்கிறது, அந்தப் பக்கமும் மடக் மடக்கென்றது, யார் தொண்டை எது என்று தெரியாமல் இருவரும் குடித்தார்கள். வெயில் முழங்காலுக்கு வந்திருந்தது. அப்போது அடிவயிற்றில் என்னவோ ஒன்று. வலியில்லை. பயமும் இல்லை. உள்ளேயிருந்து யாரோ விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டின மாதிரி. அவள் பாட்டிலை இறக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்து கவனித்தாள். மறுபடியும். "அக்கா? ஏன் நிறுத்திட்ட?" "துரை, போனை வைடா" என்றாள், எழுந்துகொண்டே, சிரிப்பும் அவசரமுமாக. "ஏன்க்கா, என்னாச்சு?"

"முட்டுதுடா."